சாவி, மூக்குக்கண்ணாடி, ராட்டை

குழு: அம்பாசமுத்திரம் வீடு

மணிநகர் அத்தை: இன்று மாலை இங்கே அகமதாபாத்தில் நான் எடுக்கும் ஆங்கில வகுப்பில் ஒரு குஜராத்திப் பையன் எழுந்து, "நேற்று வண்டிச் சாவியை ரீஇன்வென்ட் செய்தேன்" என்றான். மற்ற பதினோரு பேரும் சரி என்று தலையாட்டினார்கள்.

சித்தப்பா: பெரிய விஞ்ஞானியாக வருவான் அக்கா.

மணிநகர் அத்தை: சிரிக்காதே. அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. குஜராத்தியில் தேடுவதும் ஷோத்வுதான். விஞ்ஞானி புதிதாக ஒன்றைச் செய்தால் அதற்கும் ஷோத் என்றே பெயர். ரீ என்றால் ஃபரீதி, அதாவது மறுபடி. இரண்டையும் கூட்டினால் தொலைந்த சாவி மறுபடி கிடைத்துவிடுகிறது. அவன் கணக்கில் பிழையே இல்லை.

அம்மா: நாம் மட்டும் என்னவாம் வள்ளி? நீராவி எஞ்சினையும் கண்டுபிடிக்கிறோம், திருடனையும் கண்டுபிடிக்கிறோம். உன் அண்ணன் தினமும் காலையில் மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிக்கிறார்.

தாத்தா: ஒற்றெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாய் அம்மா. மகிழ்ச்சி.

சூரத் அண்ணன்: அத்தை, எங்கள் அலுவலகத்தில் இந்தச் சொல் வசவாகத்தான் வரும். ஏற்கெனவே இருக்கிற பட்டியலை நான் முதலிலிருந்து தயாரித்தால், "ஏன் சக்கரத்தை ரீஇன்வென்ட் செய்கிறாய்?" என்று மேலாளர் கேட்பார்.

மணிநகர் அத்தை: அடுத்த குழப்பமே அதுதான். சக்கரத்தோடு சேர்ந்து வந்தால் வீண்வேலை. சக்கரம் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் பாராட்டு. பழையதை எடுத்து, இது அதுதானா என்று கேட்கும்படி வேறாக ஆக்குவது. காயாபலட் என்ற குஜராத்திச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். கிட்ட வருகிறது. ஆனால் அதில் உருவம் மாறியது மட்டும்தான் தெரிகிறது. ஒருவர் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார் என்பது தெரியவில்லை. வகுப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு வேண்டும். கைபேசி, கார் எல்லாம் வேண்டாம், அலுத்துவிட்டது.

தாத்தா: சபர்மதிக்கரையில் இருந்துகொண்டு எடுத்துக்காட்டுக்கு அலைகிறாயே! ராட்டையைச் சொல்.

மணிநகர் அத்தை: ரேண்டியோவா? இங்கே காந்தி பிறந்த திதியையே ரேண்டியா பாரஸ், அதாவது ராட்டைத் துவாதசி என்றுதான் சொல்வார்கள். சொல்லுங்கள் அப்பா.

தாத்தா: தட்டச்சு செய்கிறேன். யாரும் குறுக்கே வராதீர்கள்.

தாத்தா: காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்த காலத்திலேயே நாட்டின் வறுமைக்கு மருந்து ராட்டை என்று எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அப்போது அவர் ராட்டையைப் பார்த்த நினைவே அவருக்கு இல்லை. 1915-இல் நாடு திரும்பியபோதும் பார்த்திருக்கவில்லை. அவரே ஒப்புக்கொண்டது இது. ஆசிரமத்தில் தறி போட்டாயிற்று, நூலோ ஆலை நூல். 1917-இல் பரூச் கல்வி மாநாட்டில் கங்காபென் மஜும்தார் என்ற அம்மையாரைச் சந்தித்தார். அந்த அம்மையார் ராட்டையைத் தேடி குஜராத் முழுக்க அலைந்து, கடைசியில் பரோடா சமஸ்தானத்து விஜாபூரில் ராட்டையைப் பார்த்தார். பல வீடுகளில் இருந்தது. எல்லாம் உதவாத சாமான் என்று பரணில் கிடந்தது.

மணிநகர் அத்தை: அப்பா, இதுதான் அந்தப் பையனுடைய ஷோத்வு! தேடினார், கிடைத்தது. இதற்கு ஆங்கிலத்தில் ரீடிஸ்கவர்.

தாத்தா: குறுக்கே வராதே என்றேனே. சபர்மதி ஆசிரமத்தில் காந்தியின் உறவினர் மகன்லால் காந்தி அந்த ராட்டையில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் செய்தார். நீ கேட்ட சொல் அங்கேதான் தொடங்குகிறது. 1929-இல் இன்னும் நல்ல ராட்டை செய்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தார்கள். அந்தக் காலத்து லட்சம்! பிறகு புனேயின் எரவாடா சிறையில் இருந்தபோது காந்தியே பெட்டிக்குள் மடங்கி அடங்கும் ராட்டையில் மெனக்கெட்டார். பெரிய சக்கரத்தை இரண்டு சிறு சக்கரங்களாக்கினால் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். கடைசியாக நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன். நூல் சுற்றும் கம்பியான கதிர் ஒன்று சுற்றிய இடத்தில் நான்கு கதிர் சுற்றும் ராட்டை வந்தது அவரால். சர்க்கா என்றால் ராட்டை; அம்பர் சர்க்கா என்ற பெயரில் இருக்கும் அம்பர், ஏகாம்பரத்தில் பாதி.

சித்தப்பா: இத்தனை நாளாக ஏதோ வடநாட்டுச் சொல் என்று நினைத்திருந்தேன்.

சூரத் அண்ணன்: ஆக, சக்கரத்தையே ரீஇன்வென்ட் செய்து பாராட்டு வாங்கியிருக்கிறார்கள். நாளை மேலாளரிடம் சொல்கிறேன்.

அம்மா: சம்பள உயர்வு வந்த பிறகு சொல்.

மணிநகர் அத்தை: இன்னொன்றும் நடந்தது. "சூரத் ரீஇன்வென்டட்" என்று எழுதிவிட்டு ஒரு பெண் நிறுத்திவிட்டாள். 1994-இல் பிளேக் வந்து ஊரே காலியானது, பிறகு நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்றாயிற்று, அதைச் சொல்ல வந்தாள். பின்னால் இட்செல்ஃப் வேண்டும் என்றால், "எதற்கு டீச்சர்?" என்கிறாள்.

சூரத் அண்ணன்: எனக்கும் அதே கேள்விதான் அத்தை.

மணிநகர் அத்தை: நமக்கு மாறு, மாற்று என்று இரண்டு இருக்கின்றன. அவர்களுக்கும் பத்லாவு, பதல்வு. ஊர் மாறியது என்றால் முடிந்தது. ஆங்கிலத்தின் இந்தச் சொல் மாற்று மாதிரி, எதை என்று கேட்டுக்கொண்டே நிற்கும். ராட்டையை, நகரத்தை, தன்னையே. ஏதாவது ஒன்றைக் கொடுத்தால்தான் வாயை மூடும்.

அம்மா: நம் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. மூக்குக்கண்ணாடி எங்கே, பேப்பர் எங்கே, காப்பி எங்கே.

சித்தப்பா: அப்பா, உங்கள் கதர்க்கடைக் காலத்துப் பெட்டி ராட்டை ஒன்று இருந்ததே? படம் எடுத்து அனுப்பினால் அக்கா வகுப்பில் காட்டலாம்.

தாத்தா: பரணில் இருக்கிறது. பித்தளை அண்டாவுக்குப் பின்னால்.

மணிநகர் அத்தை: விஜாபூர் மாதிரியே!

சித்தப்பா: கண்டுபிடித்துவிட்டேன்!

தாத்தா: கண்டெடுத்தேன் என்று எழுது.

சித்தப்பா: கண்டெடுத்தேன். கதிரைத்தான் காணோம்.