யூரிக் ஆசிட்: வாயைக் கட்டினால் போதுமா, மாத்திரை வேண்டுமா?

கடலோரம்:
அப்பாவுக்கு 58 வயது. இரண்டு வருடத்தில் நான்காவது முறையாகக் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே துடிக்கிறார். கவுட் என்றார் டாக்டர், யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதமாம். யூரிக் ஆசிட் 9.2. அதைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையைத் தினமும் போடச் சொல்கிறார். சித்தப்பாவோ, கறியையும் பருப்பையும் நிறுத்தினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கீரைத்தோட்டம்:
நான் உங்கள் சித்தப்பா பக்கம். எனக்கும் ஒருமுறை வந்தது. பீர், ஈரல், நெத்திலி, மத்தி எல்லாம் விட்டேன், பருப்பும்கூட. ஆறு மாதத்தில் 7.6 இருந்தது 6.7 ஆனது. அப்புறம் வலியே இல்லை. சாப்பாட்டால் வந்ததைச் சாப்பாட்டால்தான் சரிசெய்ய வேண்டும். ஆயுளுக்கும் மாத்திரை எதற்கு?

இரவுப்பணி:
அண்ணா, உங்களுக்கு இறங்கியது 0.9. பத்தியத்தால் பொதுவாக 1 புள்ளி அளவுக்குத்தான் இறங்கும். 9.2-இல் ஒன்று போனாலும் 8.2 நிற்குமே! 6.8-ஐத் தாண்டினால் யூரேட் (யூரிக் ஆசிடின் உப்பு) இரத்தத்தில் கரைந்து நிற்காது, ஊசி ஊசியாக மூட்டில் படியும். 6-க்குக் கீழே கொண்டுவந்து வைத்தால்தான் படிந்தது கரையும்.

யூரிக் ஆசிடில் பெரும்பங்கை உடம்பே உண்டாக்குகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல், சிறுநீரகம் அதைப் போதுமான அளவு வெளியேற்றாததுதான். அவர்களைப் பார்த்து "வாயைக் கட்டாததால் வந்தது" என்பது அநியாயம். அந்தப் பேச்சுக்குக் கூசியே என் மாமா ஐந்து வருடம் டாக்டரிடம் போகவில்லை. வலி வரும்போதெல்லாம் கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போட்டார். காதுமடலில் சுண்ணாம்புக் கட்டி போல வந்தது, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறிவிட்டது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பருப்பை நிறுத்தவே வேண்டாம். அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருடம் கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கறியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் கவுட் கூடியது. பியூரின் (உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பொருள்) உள்ள பயறு, கீரை வகைகளால் கூடவில்லை.

கீரைத்தோட்டம்:
சரி, பருப்புப் பேச்சை விட்டுவிடுவோம். ஆனால் என் நண்பர் அலோபியூரினால் தொடங்கிய மூன்றாவது வாரமே முன்பைவிட மோசமான வலியில் படுத்துவிட்டார். தோல் உரியும் அளவுக்கு ஒவ்வாமையும் வருமாமே. அதை மறைக்கலாமா?

இரவுப்பணி:
மறைக்கக் கூடாதுதான். படிந்தது கரையத் தொடங்கும்போது புதிதாக வலி கிளம்பும். மருந்து வேலை செய்யவில்லை என்று பலரும் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். அதற்காகவே 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். முதல் 3 முதல் 6 மாதம் அந்த வலி வராமல் தடுக்கக் கொல்ச்சிசின் என்ற மருந்தையும் சிறிய அளவில் சேர்ப்பார்கள். ஒவ்வாமை அபூர்வம், ஆனால் ஆபத்தானது. தோலில் தடிப்பு கண்டால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடலோரம், அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை உண்டா?

கடலோரம்:
உண்டு. அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்றும் போட்டிருக்கிறது.

இரவுப்பணி:
அதுவும் யூரிக் ஆசிடை ஏற்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். லோசார்டான் மாதிரி வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கீரைத்தோட்டம்:
இது எனக்கும் புதிது. பீரை மட்டும் விடச் சொல்லுங்கள் தம்பி, சர்க்கரை போட்ட குளிர்பானத்தையும்.

கடலோரம்:
வியாழக்கிழமை மறுபடி காட்டப் போகிறோம். அந்த அட்டையையும் எடுத்துப் போகிறேன்.