மிளகாய்க் காம்படி வளையத்துக்கு ஒரு சொல்: புல்லிப்பூண்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நாகர்கோவில் நண்பர் அனுப்பிய மிளகாய்ப் படங்களுக்கு வந்த பதில்களில் பாதி "இது என்ன மிளகாய்" என்பது பற்றியும், மீதி "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது" என்பது பற்றியும் இருக்கின்றன. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. இந்தச் செடியை அடையாளம் காண எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ, அந்த இடத்துக்கு, அதாவது காம்பு காயோடு சேரும் இடத்தில் உள்ள வளையத்துக்கு, தமிழில் பெயர் இல்லை. அதனால்தான் நாம் எல்லாரும் காயின் நிறத்தையும் காரத்தையுமே பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் செடி. தொட்டியில் தானாக முளைத்தது. காய் கட்டையாக, தோல் சுருங்கி மேடும் பள்ளமுமாக, பழுத்தால் ஆரஞ்சு நிறம். ஒரே கணுவில் இரண்டு மூன்று காய்கள் தொங்குகின்றன. காந்தாரி என்று ஒருவர் எழுதியிருந்தார். காந்தாரியின் காய் சிறியது, வழவழப்பானது, வானத்தைப் பார்த்து நிற்பது, பழுத்தபின் தொட்டால் காம்பை விட்டுக் கழன்று வருவது. படத்தில் இருப்பது அது இல்லை.

பக்கத்துத் தொட்டியில் குடைமிளகாய் இருந்ததால் முண்டு மிளகாய் இப்படி மாறிவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இந்த நம்பிக்கை பரவலாக இருப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். தேனீ ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றில் கொண்டு சேர்த்தாலும், அந்தப் பூவில் உருவாகும் காயின் சதை முழுக்கத் தாய்ச்செடியின் உடல்தான். கலப்பு விதைக்குள் மட்டும்தான் இருக்கும். அந்த விதையை எடுத்து விதைத்து, அடுத்த தலைமுறைச் செடி காய்க்கும்போதுதான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கடையில் வாங்கிய கலப்பின மிளகாயின் விதையைப் போட்டாலும் இதே கதைதான்: பத்துச் செடி முளைத்தால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஆகவே "தானாக முளைத்தது" என்ற தகவல் முக்கியமானது. "பக்கத்தில் குடைமிளகாய் இருக்கிறது" என்ற தகவல் இந்தக் காயைப் பொறுத்தவரை முக்கியமில்லை.

கடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது வேண்டாம். காரம் இனத்தை (பாடநூல் சொல்லும் சிற்றினத்தை) காட்டாது. துளியும் காரமில்லாத குடைமிளகாயும் சாத்தூர் சம்பாவும் ராமநாதபுரம் முண்டும் ஒரே இனம்தான். மறுபக்கம், உலகின் மிகக் கடுமையான மிளகாய்கள் அடங்கிய இனத்திலேயே கரீபியன் பகுதியில் காரமே இல்லாத ரகங்களும் உண்டு. அப்புறம், ஒரே செடியில்கூடத் தண்ணீர், வெயில், மண் இவற்றைப் பொறுத்துக் காரம் ஏறி இறங்கும். தெரியாத மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் கை வைத்தால் படும் பாடு வேறு.

இப்போது மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காம்பு வந்து காயின் பச்சைக் குல்லாயில் சேரும் இடம். அந்தக் குல்லாய்தான் புல்லிவட்டம். கத்திரியில் இருப்பது போலவே மிளகாயிலும் பூ உதிர்ந்தபின் உதிராமல் தங்கிவிடுகிறது. அந்தச் சந்தியில், சுற்றிலும் கயிறு கட்டி இறுக்கியதுபோல் ஒரு வரைப்பள்ளமும் அதையொட்டி ஒரு சின்னத் தடிப்பும் தெரிகின்றனவா? சாதாரண மிளகாயில் அது இருக்காது. காம்பு நேராகப் போய்க் குல்லாயாக விரியும். காந்தாரியிலும் இருக்காது. கப்சிகம் சைனென்ஸ் என்ற இனத்தில்தான் அது தெளிவாக இருக்கும். ஹபனேரோ, அசாம், நாகாலாந்து, மணிப்பூர் பக்கத்து பூத் ஜொலோகியா எல்லாம் அந்த இனத்தில் வைக்கப்படுபவைதாம். பூத் ஜொலோகியாவில் காந்தாரியின் இனமும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் பெரும்பங்கு இதுதான்.

இது ஏதோ வல்லுநர்கள் மட்டும் பார்க்கும் நுணுக்கம் இல்லை. பன்னாட்டுத் தாவர மரபுவள நிறுவனம் 1995-இல் வெளியிட்ட மிளகாய் விவரணைப் பட்டியலில் இது தனி உருப்படியாகவே இருக்கிறது. முதிர்ந்த காயில் பார்க்க வேண்டும். உண்டு, இல்லை என்று இரண்டே விடை. வீட்டுத் தோட்டக்காரர் எவரும் கண்ணாலேயே பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளம். பெயர்தான் இல்லை.

இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று. "வளையச் சுருக்கம்" என்பது முதலாவது. பொருள் நேராக வருகிறது என்பது உண்மை. ஆனால் இந்த இனத்தின் காய்த்தோலே பெரும்பாலும் சுருக்கம் விழுந்தது. "சுருக்கம் இருக்கிறதா?" என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தோலைப் பார்த்துவிட்டு "இருக்கிறது" என்பார்கள். தவறான இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகும் சொல் கலைச்சொல்லாக உதவாது.

"கழுத்து ஒடுக்கம்" பரவாயில்லை. ஆனால் மிளகாயில் கழுத்து என்றால் பலரும் காயின் மேற்பகுதியைத்தான் நினைப்பார்கள். அந்த மேற்பகுதி குல்லாய்க்குக் கீழே ஒடுங்கியிருப்பது தனிப் பண்பு. அதே விவரணைப் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு. இரண்டும் குழம்பிவிடும். மூன்றாவதாக வந்த "புல்லி நெரிவு" துல்லியமானது. ஒட்டித் தொடரத்தான் கடினம்: நெரிவுள்ள, நெரிவற்ற, நெரிவு மங்கிய என்று எழுதிப் பாருங்கள், நாக்கு இடறுகிறது.

என் பரிந்துரை புல்லிப்பூண். சுருக்கமாகப் பூண்.

உலக்கையின் நுனியில் போட்டிருக்கும் இரும்பு வளையத்துக்குப் பூண் என்று பெயர். உளிப்பிடியிலும் கைத்தடியிலும் இருப்பதும் பூண்தான். ஒன்றோடு ஒன்று சேரும் இடத்திலோ முனையிலோ சுற்றி இறுக்கி நிற்பது. மிளகாய்க் காம்படியில் நாம் பார்ப்பதும் அந்த உருவம்தான். சொல் சின்னது, புழக்கத்தில் இருப்பது, எல்லா ஒட்டையும் ஏற்கும்: பூணுள்ள, பூணற்ற, பூண் தெளிவு, பூண் மங்கல். "காம்படியில் பூண் இருக்கா?" என்று பேச்சிலும் கேட்கலாம். "காம்புப்பூண்" என்று வைக்கலாமே என்றால், அந்த அமைப்பு காம்பில் இல்லை, புல்லிவட்டத்தின் அடியில் இருக்கிறது. ஆகவே புல்லிப்பூண் என்பதே சரி.

மறுப்புகள் இரண்டு தனிமடலில் வந்தன. பூண் என்பது வெளியிலிருந்து மாட்டுவது, இதுவோ செடியின் உடலிலேயே அமைந்த ஒடுக்கம் என்பது ஒன்று. நியாயமான கேள்வி. ஆனால் தாவரவியலில் நாம் ஏற்கெனவே உருவத்தை வைத்துத்தான் ஏராளமாகப் பெயரிட்டிருக்கிறோம். சூலகத்தின் உச்சியைச் சூலகமுடி என்கிறோம். அங்கே யாரும் மயிரைத் தேடுவதில்லை. இன்னொன்று, சமையலறையில் "பூண்டு" என்று காதில் விழும் என்பது. தனியாகச் சொன்னால் விழலாம். "புல்லிப்பூண்" என்று முழுதாகச் சொன்னாலோ "பூண் உண்டு, இல்லை" என்று சொன்னாலோ அந்தக் குழப்பம் வராது.

இதிலிருந்து இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். சொல்லப்போனால், எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். கப்சிகம் சைனென்ஸை "சீன மிளகாய்" என்று மொழிபெயர்த்து ஒரு மடலில் பார்த்தேன். தயவுசெய்து அதை விட்டுவிடுவோம். ஜாக்கின் என்ற தாவரவியலாளர் 1776-இல் இது சீனாவிலிருந்து வந்தது என்று தவறாக எண்ணி வைத்த பெயர் அது. தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் பகுதி. இலத்தீன் பெயரில் உள்ள பிழையை விதிமுறைப்படி மாற்ற முடியாது. தமிழில் புதிதாகப் பெயர் வைக்கும் நாம் இருநூற்றைம்பது ஆண்டுப் பழைய பிழையைச் சுமக்க வேண்டிய கட்டாயம் என்ன? நம் சாதாரண மிளகாயும் அப்படித்தான். அதற்கு 1753-இல் லின்னேயஸ் வைத்த கப்சிகம் அனூம் என்ற பெயரை அப்படியே பெயர்த்தால் "ஓராண்டு மிளகாய்" என்று வரும். உறைபனி இல்லாத நம் ஊரில் கவனித்து வளர்த்தால் அது இரண்டு மூன்று ஆண்டுகூட நின்று காய்க்கிறது.

கண்ணால் பார்க்கும் பண்பை வைத்தே பெயரிடலாம். சைனென்ஸுக்குப் பூண் மிளகாய். ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த மேட்டுநிலத்தில் வளரும் பியூபசென்ஸ் என்ற இனத்துக்கு விதை கறுப்பு, மற்ற பயிர் மிளகாய்களில் விதை வைக்கோல் நிறம். அதைக் கருவிதை மிளகாய் எனலாம். பக்காட்டம் என்ற இனத்தின் பூவிதழில் அடியில் மஞ்சளோ பச்சையோ புள்ளி இருக்கும், அது புள்ளியல்லி மிளகாய் (அல்லி என்றால் பூவிதழ்). காந்தாரியின் இனமான புருடெசென்ஸுக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம், காந்தாரி என்ற பெயர் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் நன்றாகவே ஊன்றியிருக்கிறது. அனூமை வெறுமனே மிளகாய் என்றே விட்டுவிடலாம். நம் சந்தையில் கிடைப்பதில் மிகப் பெரும்பகுதி அதுதானே.

காரம் தங்கும் வெள்ளைச் சதைக்குச் சொல் கேட்டவருக்கு: சூலொட்டு என்று நம் பாடநூல்களிலும், சூல்வித்தகம் என்று இலங்கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம். காரம் உருவாவது அதில்தான், விதையில் இல்லை.

சரி, நண்பரின் செடிக்கு வருவோம். கணுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காய், சுருங்கிய தோல், காம்படியில் பூண். மூன்றும் சேர்ந்து பூண் மிளகாய் என்றே சொல்கின்றன. ஆனால் பூண் எல்லா ரகத்திலும் ஒரே தெளிவோடு இருப்பதில்லை. சிலவற்றில் மங்கியிருக்கும், இனக்கலப்பான செடிகளில் இன்னும் குழப்பும். அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பூவின் படம் வேண்டும். ஒரு கணுவில் எத்தனை பூ, இதழ் பால்வெள்ளையா பச்சை கலந்த வெள்ளையா, அடியில் புள்ளி உண்டா, மகரந்தப்பை ஊதாவா மஞ்சளா என்பது தெரிய வேண்டும். ஒரு பழுத்த காயைக் கையுறை போட்டுக் குறுக்கே அறுத்து விதை நிறத்தையும் காட்டுங்கள்.

இது ஹபனேரோவா, பூத் ஜொலோகியாவா, வேறேதுமா என்ற கேள்விக்குப் படத்தை வைத்து யாராலும் விடை சொல்ல முடியாது. அது ரகம் பற்றிய கேள்வி, இனம் பற்றியது இல்லை. (தமிழ்நாட்டுப் பாடநூல் "சிற்றினம்" என்பதை இலங்கையில் "இனம்" என்கிறார்கள். நான் இங்கே இனம் என்பதை அந்தப் பொருளில்தான் எழுதுகிறேன். விவசாயிகள் சொல்லும் ரகம் அதற்கும் உட்பிரிவு.) விதை எங்கிருந்து வந்தது என்று தெரியாத செடிக்கு ரகப்பெயர் சூட்டினால், அந்தப் பெயரோடு விதை நாலு வீட்டுக்குப் போய்விடும். "பூண் மிளகாய், ரகம் தெரியாது, ஆரஞ்சு, நாகர்கோவில்" என்று எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறை பெற்றோரைப்போலவே காய்க்கிறதா என்று பார்த்தபின் பேசலாம்.

இலங்கை நண்பர்களிடம் ஓர் உதவி. அங்கே நயி மிரிஸ் என்று சிங்களத்தில் சொல்லும் மிளகாயை வளர்ப்பவர்கள் ஒரு முதிர்ந்த காயின் காம்படியைப் படமெடுத்து அனுப்புங்கள். தமிழ்ப் பகுதிகளில் அதை என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். நமக்கு முன்பே யாராவது அந்த வளையத்துக்கு நல்ல பெயர் வைத்திருந்தால், புல்லிப்பூணை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.