வைண்டிங் கடை வீடு (வாட்ஸ்அப் குழு, 9 பேர்)

சனி

[இரவு 9:41] கார்த்தி: [படம்]

[இரவு 9:41] கார்த்தி: ஒரு மாசமா பண்ணிட்டு இருந்த விண்கப்பல் மாடல். ஸ்டார் ட்ரெக் டிவி தொடர்ல வர்ற எண்டர்பிரைஸ். உள்ள லைட் போட்டாச்சு

[இரவு 9:43] பிரபு மாமா: மாப்ள இது கப்பலா, பல்பு போட்ட பூசணிக்காயா

[இரவு 9:43] சித்ரா அக்கா: எனக்கு தோசைக்கல்லுக்குக் கீழ டார்ச் அடிச்ச மாதிரி இருக்கு

[இரவு 9:44] கார்த்தி: சிரிங்க. எனக்கே அதான் பிரச்சினை. ஜன்னல்ல மட்டும் வெளிச்சம் வரணும், மொத்த உடம்பும் எரியுது. வெளிய ரெண்டு கோட்டிங் கிரே அடிச்சும் மறையல

[இரவு 9:46] யாழினி: மாமா வெளிய அடிச்சா ஆகாது. உள்பக்கம் கருப்பு அடிக்கணும், அது வெளிச்சத்தைத் தடுக்க. அது காஞ்சதும் அதுக்கு மேல வெள்ளை இல்லாட்டி சில்வர். அப்பதான் வெளிச்சம் உள்ளயே பட்டுத் தெறிச்சு எல்லா ஜன்னலுக்கும் போகும். வெறும் கருப்பு மட்டும் அடிச்சா அதுவே வெளிச்சத்தைக் குடிச்சிரும்

[இரவு 9:47] யாழினி: மூடிட்டீங்களா, திறக்க முடியுமா?

[இரவு 9:47] கார்த்தி: கப்பலோட முன்பக்கத் தட்டு ரெண்டு பாதியும் டேப்புலதான் நிக்குது. தப்பிச்சேன்

[இரவு 9:48] யாழினி: ஓரத்துல கருப்பு அடிக்காம விட்றாதீங்க. ஒட்டற கோட்டுலதான் முதல்ல கசியும். இருட்டு ரூம்ல லைட்டைப் போட்டு ஒரு சுத்து பாத்துட்டு ஒட்டுங்க

[இரவு 9:52] அம்மா: சாப்பிட வா. அந்த பெயிண்ட் வாசனைல எனக்குத் தலைவலி. நாளைக்கு மொட்டை மாடில அடி

ஞாயிறு

[காலை 7:05] பெரியப்பா: [குரல் பதிவு, 1:12]

[காலை 7:20] சித்ரா அக்கா: அப்பா, பாதி ஃபேன் சத்தம்தான் கேக்குது. டைப் பண்ணுங்க

[காலை 7:34] பெரியப்பா: கப்பல் எத்தனை நீளம்

[காலை 7:36] கார்த்தி: 29 செ.மீ. தாங்க பெரியப்பா. 1/1000 அளவு. 1/350-ல ஒண்ணு இருக்குது, அது 80 செ.மீ.க்கு மேல. விலையும் வெக்கற இடமும் நமக்கு ஆகாது

[காலை 7:41] பெரியப்பா: பின்னாடி ரெண்டு குழல் இருக்குதே. அதுக்கு வயர் எப்படிப் போகுது

[காலை 7:43] கார்த்தி: அதுதாங்க போகமாட்டேங்குது. குழலைத் தாங்கற கம்பம் சப்பையா இருக்கு. உள்பக்கம் காடி வெட்டினேன். ரெண்டு வயர் வெச்சா கம்பம் மூடமாட்டேங்குது

[காலை 7:45] பெரியப்பா: என்ன வயர்

[காலை 7:45] கார்த்தி: பழைய சார்ஜர் கேபிளைப் பிரிச்சு எடுத்தது

[காலை 7:52] பெரியப்பா: பிளாஸ்டிக் ஒறைதான் எடத்த அடைக்குது கண்ணு. உள்ள இருக்கற செம்பு மயிரளவுதான். கடைல 36 கேஜ் இனாமல் கம்பி கெடக்குது. சீலிங் ஃபேனுக்குச் சுத்தறது. 0.19 மி.மீ. காடி கூட ஆழமா வெட்ட வேண்டியதில்ல

[காலை 7:53] பிரபு மாமா: 40 வருசம் ஃபேன் மோட்டார் சுத்துன கை, இப்ப விண்வெளிக்குப் போகுது

[காலை 7:54] கார்த்தி: அவ்ளோ மெல்லிசுல கரண்ட் தாங்குங்களா?

[காலை 7:58] பெரியப்பா: ஃபேன்ல 300 மில்லி ஆம்பியருக்குப் பக்கம் போற கம்பிடா. உன் பல்பு எத்தனை எடுக்கும்

[காலை 7:59] யாழினி: 10 மில்லி ஆம்பியர் கூடப் போதும் தாத்தா

[காலை 8:00] பெரியப்பா: அப்பறம் என்ன. வந்து எடுத்துக்கோ. வரும்போது உங்கம்மாவ இட்லி மாவு கொஞ்சம் குடுத்து விடச் சொல்லு

[காலை 11:48] கார்த்தி: கம்பி வந்தாச்சு, கம்பத்துல ஜம்முனு உக்காந்துருச்சு. ஆனா எரியல

[காலை 11:48] கார்த்தி: இதுக்கு முன்னாடி ஒரு எல்இடி 9 வோல்ட்டுல நேரா வெச்சுப் புகைஞ்சு போச்சு. இது புகை கூட வரல

[காலை 11:50] பெரியப்பா: சொரண்டுனியா

[காலை 11:50] கார்த்தி: எதைங்க

[காலை 11:53] பெரியப்பா: அது வெறும் செம்பு இல்ல, மேல இனாமல் பூசியிருக்குது. அதுதான் கம்பிக்கு ஒறை. நுனிய பிளேடால சுத்திச் சொரண்டி செம்பு பளபளன்னு தெரிஞ்சப்பறம் பத்த வெக்கோணும்

[காலை 11:54] அம்மா: எதைப் பத்த வெக்கறீங்க மாமா? வீட்டுல ஏற்கெனவே தின்னர் டப்பா இருக்கு

[காலை 11:55] சித்ரா அக்கா: ஈயம் பத்த வெக்கறது சித்தி. பயப்படாதீங்க

[மதியம் 12:10] கார்த்தி: எரியுது!!

[மதியம் 12:11] பெரியப்பா: மூட்டு மேல ஸ்லீவ் ஏத்து, அந்த பிளாஸ்டிக் ஒறைக் குழாய். கம்பி இழுத்தா அறுந்துரும், ஒரு சுத்து விட்டு வை

[மதியம் 12:14] யாழினி: மாமா கரண்ட்டைக் குறைக்க ரெசிஸ்டர் போட்டீங்களா, இல்ல மறுபடியும் நேராவா?

[மதியம் 12:14] கார்த்தி: டெஸ்ட் பண்ண பட்டன் செல் 3 வோல்ட். மொத்தமா ஓட்ட அந்த 9 வோல்ட் பேட்டரிதான்

[மதியம் 12:20] யாழினி: 9 வோல்ட் வேண்டாம். 10 எல்இடி வெச்சா ஒரே சாயந்தரத்துல காலி. பழைய போன் சார்ஜர் 5 வோல்ட் எடுங்க. வெள்ளை எல்இடி 3.2 வோல்ட் சாப்பிடும், மீதி 1.8. 10 மில்லி ஆம்பியர் விடணும்னா 1.8-ஐ 0.01-ஆல வகுங்க, 180 ஓம். சிவப்பு 2 வோல்ட்தான் எடுக்கும், மீதி 3, அப்ப 300. கடைல 330 கிடைக்கும், அதையே போடுங்க

[மதியம் 12:21] பிரபு மாமா: எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டா செலவு மிச்சம்தானே

[மதியம் 12:23] யாழினி: பேரலல்ல போட்டு ஒரே ரெசிஸ்டர் வெச்சா சிவப்பே கரண்ட்டையெல்லாம் இழுத்துக்கும், வெள்ளை எரியாது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா. ஒரு ரூபாய் விஷயத்துல மிச்சம் புடிக்காதீங்க மாமா

[மதியம் 12:24] பிரபு மாமா: நான் சீரியல் செட் நினைச்சேன்

[மதியம் 12:25] பெரியப்பா: சீரியல்னா ஒண்ணு போனா மொத்தமும் போயிரும். ஒட்டி மூடுன கப்பல்ல எதைத் தேடுவ

[மதியம் 12:40] சித்ரா அக்கா: ரெசிஸ்டர் இங்க ரிச்சி தெருவுல வாங்கி அனுப்பட்டுமா?

[மதியம் 12:41] கார்த்தி: வேண்டாம்க்கா, காந்திபுரத்துலயே கிடைக்கும்

[மாலை 4:30] கார்த்தி: ஜன்னல் ஓட்டை போட்டாச்சு. 0.5 மி.மீ. பிட், கையில சுத்தற ட்ரில். 3 பிட் உடைஞ்சுது. ஓட்டைல ஃபெவிகால் ஒரு சொட்டு வெச்சேன், காஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆயிருச்சு

[மாலை 4:32] யாழினி: சூப்பர். வெளிச்சத்தைக் கடத்தற ஃபைபர் இழை போடலியா?

[மாலை 4:35] கார்த்தி: இந்த அளவுல உள்ள இடமே இல்ல. ஓரத்துல மினுக்கற லைட்டுக்கு மட்டும் ஒரு இழை. நுனிய சூடு காட்டினா காளான் மாதிரி விரியுது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் தெரியுது

[மாலை 4:36] கார்த்தி: ஒரு சோகக் கதை. குழலோட முன் மூக்குல இருக்கற கண்ணாடி மூடி ஒண்ண சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டினேன். உள்ள பனி படிஞ்ச மாதிரி வெள்ளையாப் போச்சு

[மாலை 4:38] யாழினி: அந்த ஆவி கண்ணாடில படியும். அதுக்கும் ஃபெவிகால்தான்

[மாலை 4:40] கார்த்தி: நல்லவேளை, உள்பக்கம் தேய்ச்சு மங்கலாவே விட்டுட்டேன். வெளிச்சம் பரவ அதுவும் நல்லதுதான். இனி அந்த மினுக்கற லைட்

[மாலை 4:46] யாழினி: 555 ஐசி, மினுக்க வெக்கற சிப். 1972-ல வந்தது, இன்னிக்கும் எங்க லேப்ல முதல் எக்ஸ்பெரிமெண்ட் அதான். 10 கே, 68 கே ரெசிஸ்டர், 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். விநாடிக்கு ஒரு தடவை மினுக்கும். 5 வோல்ட்டுலயே ஓடும். சோம்பேறியா இருந்தா தானா மினுக்கற எல்இடி கடைலயே இருக்கு

[மாலை 4:47] கார்த்தி: நான் சோம்பேறி

[மாலை 4:50] கார்த்தி: ஆனா குழல் முன்னாடி உள்ள மூடிக்குள்ள ஏதோ சுழலற மாதிரி தெரியணும். அதுக்கு சின்ன கம்ப்யூட்டர் போர்டு வெச்சு ப்ரோக்ராம் எழுதணும்கறாங்க

[மாலை 4:53] பெரியப்பா: அந்த காலத்துல எப்படிப் பண்ணுனாங்களாம்

[மாலை 4:58] யாழினி: படப்பிடிப்புக்குச் செஞ்ச அசல் மாடல் 11 அடி தாத்தா, 1964-ல செஞ்சது. அந்த மூடிக்குள்ள மோட்டார் வெச்சு இறக்கை சுத்துச்சு, பின்னாடி கலர் பல்பு, கண்ணாடித் துண்டு

[மாலை 4:59] பெரியப்பா: அட மோட்டாரா

[மாலை 5:02] யாழினி: இன்னொண்ணு கேளுங்க. வயரெல்லாம் இடது பக்கமா உள்ள போகும். அதனால வலது பக்கம் மட்டும்தான் படம் புடிப்பாங்க. கப்பல் எதிர்ப்பக்கம் திரும்பிப் போற மாதிரி வேணும்னா எழுத்தைக் கண்ணாடில தெரியற மாதிரி மாத்தி ஒட்டி எடுத்து, பிலிமைத் திருப்பிப் போட்டுக்குவாங்க. இப்ப அந்த மாடல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. 2016-ல சரி பண்ணி எல்இடி மாத்தினாங்க

[மாலை 5:03] பிரபு மாமா: கார்த்தி, உன் வயர் எந்தப் பக்கம் வருது?

[மாலை 5:04] கார்த்தி: ஸ்டாண்டுக்குள்ள பித்தளைக் குழாய் வெச்சு கீழ இறக்கிட்டேன். ரெண்டு பக்கமும் காட்டலாம்

[மாலை 5:10] பெரியப்பா: மோட்டாரெல்லாம் இதுல அடங்காது. உங்கம்மாகிட்ட பேட்டரி அகல் விளக்கு இருக்குதே, கார்த்திகைக்கு வாங்குனது. அது சுடர் ஆடற மாதிரி எரியுமே. அந்த பல்பக் கழட்டிப் பாரு

[மாலை 5:11] யாழினி: தாத்தாஆஆ. அதுக்குள்ளயே ஐசி இருக்கு. ப்ரோக்ராம் வேண்டாம். சுத்தற மாதிரி இருக்காது, ஆனா உயிரோட இருக்கற மாதிரி ஆடும். மூடிக்கு மேல ட்ரான்ஸ்பரன்ட் ஆரஞ்சு அடிச்சிருங்க

[மாலை 5:12] அம்மா: யார் விளக்க?

[மாலை 5:12] கார்த்தி: ரெண்டே ரெண்டும்மா

[மாலை 5:12] அம்மா: _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

செவ்வாய்

[இரவு 8:15] கார்த்தி: [வீடியோ, 0:34]

[இரவு 8:16] கார்த்தி: ரூம் இருட்டு. ஜன்னல் மட்டும்தான். எங்கயும் கசியல

[இரவு 8:17] சித்ரா அக்கா: டேய்!! நிஜமாவே மிதக்கற மாதிரி இருக்கு

[இரவு 8:18] பிரபு மாமா: பூசணிக்காய வாபஸ் வாங்கிக்கறேன்

[இரவு 8:31] பெரியப்பா: முன்னாடி ஆடற ரெண்டும் செவப்பா

[இரவு 8:32] கார்த்தி: ஆமாங்க, ஆரஞ்சு சிவப்பு. அசலும் அப்படித்தான். ஏனுங்க?

[இரவு 8:39] பெரியப்பா: 80-கள்ல ஞாயித்துக்கிழமை காலைல தூர்தர்ஷன்ல போடுவான். முதலாளி வீட்டு வாசல்ல நின்னு பாப்போம். கருப்பு வெள்ளை டிவி. நான் இத்தனை வருசமா அது வெள்ளைன்னே நினைச்சுட்டு இருந்தேன்

[இரவு 8:40] சித்ரா அக்கா: அப்பா நீங்க இதைப் பாத்திருக்கீங்களா? சொல்லவே இல்ல

[இரவு 8:42] பெரியப்பா: யாரும் கேக்கலையே

[இரவு 8:43] கார்த்தி: ஞாயிறு கடைக்குக் கொண்டு வர்றேங்க பெரியப்பா. சார்ஜர் சொருக ஒரு பிளக் மட்டும் காலி பண்ணி வெய்யுங்க

[இரவு 8:44] அம்மா: கொண்டு போறதுக்கு முன்னாடி ரெண்டு அகல் விளக்கு வாங்கி வெச்சுட்டுப் போ