கட்டில்லாத நாய் பாய்ந்து வந்தால் என்ன செய்வது?

கேள்வி: நம்ம நாயைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு நடக்கும்போது, அவிழ்ந்த நாய் ஒண்ணு உறுமிக்கிட்டு ஓடி வந்தா நம்ம நாயைத் தூக்கிக்கலாமா?

பதில் 1: முடிஞ்சவரை தூக்காதீங்க. வர்ற நாய் உங்க மேல தாவும், கடி கையிலயும் முகத்துலயும் விழும். ஓடினா துரத்தும். உங்க நாயைப் பின்னால தள்ளி, நீங்க நடுவுல பக்கவாட்டா நில்லுங்க. கண்ணை முறைச்சுப் பார்க்க வேண்டாம். ஒரு கைப்பிடி தின்பண்டத்தை வர்ற நாயோட மூக்குக்கு முன்னாடி தரையில இறைச்சு விடுங்க. அது பொறுக்குற நேரத்துல வளைஞ்சு நடந்து விலகிடலாம். ஒண்ணு ரெண்டு துண்டு போட்டா பத்தாது, விழுங்கிட்டு மறுபடி வரும்.

பதில் 2: வால் ஆடுறதை நம்பாதீங்க. உடம்பு விறைச்சு, வாய் மூடி, தூக்கின வால் நுனி மட்டும் வெடவெடன்னு ஆடினா கடிக்கத் தயாரா இருக்குன்னு அர்த்தம்.

பதில் 3: வளர்க்கிறவங்களுக்கு: நீண்டு சுருங்குற கயிறு வேண்டாம், 1.5 முதல் 2 மீட்டர் நிலையான கயிறு போதும். கடிக்கிற பழக்கம் இருந்தா கூடை மாதிரி வாய்க்கூடு போடுங்க. வாயை இறுக்கிக் கட்டுற துணிப்பட்டையில நாயால இரைக்க முடியாது, உடம்பு சூடேறி உயிருக்கே ஆபத்து.

பதில் 4: கடிச்சிட்டா உடனே சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. காயத்து மேல எதையும் அப்பாதீங்க. அன்னிக்கே மருத்துவமனைக்குப் போங்க. தோல் கிழிஞ்சிருந்தா ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியோட, காயத்துலயே போடுற இம்யூனோகுளோபுலினும் (ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து) வேணுமான்னு கேளுங்க. கடிச்ச நாய்க்கு ரேபிஸ் அறிகுறி வருதான்னு 10 நாள் கவனிக்கணும்தான், அதுக்காக ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது.