அரிவாள் செல் நோயும் கிரிஸ்பரும்: பாடம் நடத்த உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். நீலகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். 1952-இலேயே இம்மலைப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட, இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் மரபுவழி நோயான அரிவாள் செல் நோயோடு வாழ்பவர்கள் என் மாணவர்களின் வீடுகளிலும் இருப்பதால், இந்தப் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் ஜிஏஜி என்பது ஜிடிஜி என மாறும் ஒற்றை எழுத்துப் பிழையைச் சிவப்புச் சாக்பீஸால் எழுதிக்காட்டிவிட்டு, 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த காஸ்கெவி என்ற கிரிஸ்பர் (டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சையை விளக்கினேன். நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை (இரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச்செல்களை) வெளியே எடுத்து, வழிகாட்டி ஆர்.என்.ஏ. காட்டும் இடத்தில் காஸ்9 நொதியால் டி.என்.ஏ.வை வெட்டி, கீமோதெரபிக்குப் பின் அவற்றை மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். ஆனால் வெட்டு விழுவது அந்தப் பிழையில் அன்று. கருப்பருவ ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் என்ஹான்சர் பகுதியில், அதாவது அம்மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டும் டி.என்.ஏ. துண்டில். அது வெட்டுப்பட்டால் கருப்பருவ ஹீமோகுளோபின் மீண்டும் உருவாகி, குறையுள்ள ஹீமோகுளோபினை ஈடுசெய்கிறது.

“பிழையை அப்படியே விட்டுவிட்டு வேறிடத்தை ஏன் சார் வெட்டுகிறார்கள்?” என்று ஒரு மாணவி கேட்டாள். வெட்டுவது எளிது, சரியான எழுத்தை வைத்து ஒட்டுவது கடினம் என்றேன். அவள் முகம் தெளியவில்லை.

வெட்டுண்ட டி.என்.ஏ.வைச் செல் ஒட்டிக்கொள்ளும் இரு வழிகளையும், அவற்றில் துல்லியமான வழி குருத்தணுக்களில் அரிதாகவே நிகழ்வதன் காரணத்தையும், பதினேழு வயதுப் பிள்ளைக்குப் புரியும் தமிழில் மூலக்கூறு உயிரியல் அறிந்தவர்கள் எழுதித் தர முடியுமா? என்ஹான்சருக்கு வகுப்பில் நீங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் சொல்லையும் தெரிவியுங்கள். அடுத்த வாரம் அதே வகுப்புக்குத் திரும்பச் செல்கிறேன்.