பாதுகாப்பு ஃபிளாக் போட்டதும் உங்கள் நிரல் மெதுவானதா? அனுபவம் சொல்லுங்கள்

தூண்டில்

ஒலிக்கோப்புகளை வடிவம் மாற்றும் சிறிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாகப் பராமரிக்கிறேன். லினக்ஸ் வழங்கல் ஒன்றுக்காக அதைப் பொதி செய்பவர் ஒரு நாள் எழுதினார்: ஸ்டாக் ப்ரொடெக்டர் ஸ்ட்ராங் (செயற்கூறுகளின் தற்காலிக நினைவகமான ஸ்டாக்குக்குக் காவல்), ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் (நகலெடுக்கும் நூலகச் செயற்கூறுகளுக்கு எல்லைக் காவல்), பை (நிரலை நினைவகத்தில் எந்த முகவரியிலும் ஏற்ற வழி), முழு ரெல்ரோ (நூலகப் பிணைப்பு அட்டவணையைப் பூட்டுவது) என்று கம்பைலருக்குக் கொடுக்கும் பாதுகாப்பு ஃபிளாக்குகள் எல்லாம் போட்டுத்தான் இனி கட்டப்போகிறாராம். சரி என்றேன். அடுத்த வாரமே பயனர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஒரு நிமிட வேலை இரண்டரை நிமிடம் இழுக்கிறது. பொதி செய்பவரிடம் கொஞ்சம் காரமாகவே பேசிவிட்டேன்.

இரண்டு இரவு கண்விழித்த பிறகுதான் தெரிந்தது, குற்றவாளி, நிரலைக் கட்டும் விதிகளை எழுதி வைக்கும் கோப்பான என் மேக்ஃபைல். கம்பைலர் ஃபிளாக்குகளுக்கான சிஃபிளாக்ஸ் என்ற மாறியில், நிரலை வேகப்படுத்தச் சொல்லும் ஓ2வை எழுதி வைத்திருந்தேன். அவருடைய ஸ்கிரிப்ட் பாதுகாப்பு ஃபிளாக்குகளை மட்டும் அதே மாறியில் போட்டுக் கட்டளை வரியில் கொடுத்தது. கட்டளை வரியில் ஒன்று வந்துவிட்டால் மேக்ஃபைலில் எழுதியது செல்லாது. என் ஓ2 சத்தமில்லாமல் மறைந்துவிட்டது. இதில் இன்னொரு கூத்து: ஓ1 அளவுக்காவது வேகப்படுத்தல் இல்லாவிட்டால் ஃபோர்ட்டிஃபை வேலையே செய்யாது. ஜிலிப்சி (லினக்ஸில் சி மொழியின் அடிப்படை நூலகம்) எச்சரிக்கை கூடக் கொடுத்திருந்தது, யாரும் படிக்காத நாலாயிரம் வரிகளுக்கு நடுவில். ஓ2வைத் திரும்பப் போட்டதும், ஃபிளாக் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையே என்னால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை.

உண்மையிலேயே விலை கொடுத்தவர்கள் இங்கே யாராவது உண்டா?

வடக்குவீதி

நான் கொடுத்தேன். படங்களை மெருகூட்டும் நிரல். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருமுறை அழைக்கப்படும் ஒரு குட்டிச் செயற்கூறு, அதற்குள் மூன்று எண்கள் கொண்ட ஓர் அணி. பழைய சாதாரண ஸ்டாக் ப்ரொடெக்டர் இதைக் கண்டுகொள்ளாது. எட்டு பைட்டும் அதற்கு மேலும் உள்ள எழுத்து அணிகளைத்தான் பார்க்கும். 2014இல் ஜிசிசி கம்பைலரின் 4.9 பதிப்புடன் வந்த ஸ்ட்ராங் அப்படி இல்லை, எந்த அணியைக் கண்டாலும் காவல் போட்டுவிடும். உள்ளே நுழையும்போது ஓர் எண்ணை ஸ்டாக்கில் வைப்பது, வெளியேறும்போது அது மாறவில்லையே என்று பார்ப்பது. சில கட்டளைகள்தான். ஆனால் ஒரு படத்தில் இரண்டு கோடிப் புள்ளிகள் இருந்தால்?

நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை வைத்துப் பார்த்தபோது அந்த ஒப்பீடு அப்பட்டமாக மேலே நின்றது. ஃபிளாக்கை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. பிறகு அந்தச் செயற்கூறைத் தலைப்புக் கோப்புக்கு மாற்றி இன்லைன் ஆக்கினேன், அதாவது தனியாக அழைக்கப்படாமல் அழைக்கும் இடத்திலேயே விரியும்படி. இப்போது காவல் ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு ஒருமுறைதான். வேகம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

மழைக்காலம்

தூண்டில் அண்ணா, எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. என் புகைப்பட அடுக்கு நிரலில் சில படங்கள் காணாமல் போகின்றன என்று ஒருவர் ஓராண்டாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணினியில் ஒருமுறையும் நடக்கவில்லை. அவருடைய வன்தட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். ஸ்ட்ராங் போட்டுக் கட்டிய பதிப்பை அவருக்கு அனுப்பியதும் நிரல் ‘ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்’ என்று ஒரே வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

அவருடைய ஆல்பத்தின் பெயர் ‘பொங்கல் விழா படம்’. நான் ஒதுக்கியிருந்த இடம் 32 பைட். கண்ணுக்கு ஒன்பதே எழுத்துதான். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுத்துக்கு மூன்று பைட், அதோடு சேரும் புள்ளி, கால் போன்ற குறி ஒவ்வொன்றுக்கும் தனியாக இன்னொரு மூன்று. இடைவெளிகளையும் சேர்த்தால் 47, முடிவுக்குறியோடு 48. நான் சோதித்ததெல்லாம் ‘ஹாலிடே’ என்று ஆங்கிலத்தில் தட்டிய பெயர்கள். தமிழன் எழுதிய நிரல், தமிழ்ப் பெயரில் உடைந்தது! அந்தப் பெயரை நானே கையால் எழுதிய லூப் ஒன்று நகலெடுத்ததால் ஃபோர்ட்டிஃபை பிடிக்கவில்லை. அது எஸ்டிஆர்காப்பி போன்ற நூலகச் செயற்கூறுகளைத்தான் கண்காணிக்கும்.

பழைய மடிக்கணினி

32 பிட் இயந்திரத்தை இன்னும் வைத்திருப்பவன் என்ற முறையில்: அங்கே பை ஃபிளாக் வலிக்கும். செயலியின் பதிவகங்கள் (கணக்குப் போடும் உள் இடங்கள்) எட்டுத்தான், அதில் ஒன்றை முகவரிக் கணக்குக்கே கொடுத்துவிட வேண்டும். இன்டர்பிரெட்டர் மாதிரியான நிரல்களில் நன்றாகவே தெரிந்தது. 64 பிட்டில் செயலியே அந்த முகவரிக் கணக்கைப் பார்த்துக்கொள்வதால் அந்தத் தொல்லை இல்லை. ‘பை போட்டால் மெதுவாகும்’ என்று இன்றும் சொல்பவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்து நினைவில் பேசுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

வடக்குவீதி

முழு ரெல்ரோவை மறந்துவிட்டோம். நிரல் தொடங்கும்போதே நூலகச் செயற்கூறுகள் அனைத்தையும் தேடிப் பிணைத்துவிடும். நாள்முழுதும் ஓடும் சர்வருக்கு அது ஒன்றுமே இல்லை. ஷெல் ஸ்கிரிப்டுக்குள் ஆயிரக்கணக்கான முறை அழைக்கப்படும் சிறு கருவி என்றால் தொடக்க நேரம்தான் எல்லாமே. அதை மட்டும் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சி++ காரர்களுக்கு ஒரு தகவல்: லிப்சி++ நூலகத்தின் எல்லைச் சோதனைகளைத் தன் சேவைகளில் இயக்கியபோது சராசரி இழப்பு 0.30 சதவீதம் என்று கூகுள் 2024இல் எழுதியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் அகப்பட்டனவாம். அவர்கள் அளவுக்கு அந்த இழப்பு பெரிய தொகைதான், நமக்கு இல்லை.

மழைக்காலம்

ஃபோர்ட்டிஃபையின் கடுமையான நிலை 3ஐப் போடுபவர்கள், கேட்ட நினைவகத்தில் உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று சொல்லும் மாலாக்_யூசபிள்_சைஸ் எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடிவிடுங்கள். கேட்டது 100 பைட், கிடைத்தது 104 என்றால் அந்த நான்கையும் பயன்படுத்திக்கொள்ளும் பழைய தந்திரம். நிலை 3 நீங்கள் கேட்ட 100ஐத்தான் எல்லையாக எடுத்துக்கொண்டு நிரலை நிறுத்திவிடும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியே இதில் இடறியது. என் நிரலிலும் இரண்டு இடங்கள் இருந்தன.

தூண்டில்

தேடினேன், எனக்கு ஓர் இடம். நேற்றிரவு பொதி செய்பவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். காலையில் பதிலாக ஒரு திருத்தம் வந்திருந்தது. மேக்ஃபைலில் ஒரே வரி: கட்டளை வரியில் என்ன வந்தாலும் ஓ2 அதோடு சேர்ந்துகொள்ளும். கடிதம் எதுவும் இல்லை, ஒரு சிரிப்புக்குறி மட்டும்.