மோர்ஸைத் தலைகீழாகப் பார்த்தவர்கள் உண்டா?

ஆக்ஸ்ஃபர்டில் துப்பறியும் டிவி போலீஸ்காரர் மோர்ஸின் இளவயதுக் கதையை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பழைய மோர்ஸுக்குப் போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? நான் அப்படித்தான் போனேன்.

அந்த இளவயதுக் கதையான ‘எண்டவர்’ தொடரின் முதல் படம் 2012 ஜனவரி 2 அன்று பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் வந்தது. நான் பார்த்தது ஊரடங்குக் காலத்தில். ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ என்ற பெயரில் 1987 முதல் 2000 வரை 33 படங்கள் வந்திருக்கின்றன என்பதே அப்போது எனக்குத் தெரியாது. 1965, ஆக்ஸ்ஃபர்ட், காணாமல்போன பள்ளி மாணவி, பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வந்து கான்ஸ்டபிளான ஒரு ஒல்லிப் பையன். சரி, நல்ல துப்பறியும் கதை என்றுதான் உட்கார்ந்தேன்.

கடைசிக் காட்சியில் மேலதிகாரி தர்ஸ்டே, இருபது வருடம் கழித்து நீ எங்கே இருப்பாய் என்று கேட்கிறார். பையன் காரின் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கிறான். அதில் யாரோ ஒரு வயதானவரின் கண்கள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்சீட்டில் கொலையாளி ஒளிந்திருக்கிறான் என்றே முடிவுகட்டிவிட்டேன். இவனை எப்போது பிடிப்பார்கள் என்று அடுத்த இரண்டு படங்கள் வரை காத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவை 2002-ல் இறந்துபோன நடிகர் ஜான் தாவின் கண்கள், பழைய மோர்ஸின் கண்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பழைய படங்களைத் தேடிப் பிடித்தேன். அங்கே மோர்ஸ் எப்போதும் பீர் கோப்பையும் கையுமாக இருக்கிறார், அதுவும் பெரும்பாலும் அவருடைய சார்ஜென்ட் லூயிஸின் காசில். மற்றவர்களுக்கு அது சிரிப்பு. ஆனால் நான் முதலில் பார்த்த மோர்ஸ் குடிக்காத பையன். பிணவறையில் மயங்கியவனைத் தேற்றுவதற்காக தர்ஸ்டே வாங்கிக் கொடுத்ததுதான் அந்த முதல் கோப்பை. அதைப் பார்த்தவனுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்?

ஒன்றை மட்டும் இழந்தேன். மோர்ஸின் முதற்பெயர் என்ன என்று தெரிந்துகொள்ள பழைய ரசிகர்கள் பத்து வருடம் காத்திருந்தார்கள். 1997-ல் ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு போலத்தான் அவரே அதை அவிழ்க்கிறார். எனக்கோ அது தலைப்பிலேயே இருந்தது.

*

ஒருவரின் பதில்: நான் ஆக்ஸ்ஃபர்டில் இரண்டு வருடம் படித்தேன். ஒரு நாள் காலை வகுப்புக்குக் கிளம்பினால் ராட்கிளிஃப் சதுக்கத்துக்குப் பக்கத்துத் தெருவைப் படப்பிடிப்புக்காக மறித்துவிட்டார்கள். ஓரமாகச் சார்த்தியிருந்த சைக்கிள்களைக் காணோம், பார்க்கிங் பலகைகளை மூடியிருந்தார்கள். பழைய மோரிஸ் மைனர் ஒன்று நின்றது (அந்த ஊரின் கௌலி தொழிற்சாலையில் செய்த வண்டிதான்). கோட்டு போட்ட ஒருவர் ஒரே தூரத்தைப் பத்துப் பன்னிரண்டு முறை நடந்தார். இளவயது மோர்ஸாக நடித்த ஷான் எவன்ஸ்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, அவ்வளவு தொலைவு. வகுப்புக்கு அரை மணி தாமதம். பேராசிரியர் காரணம் கேட்டார், சொன்னேன், மோர்ஸா என்றார், அவ்வளவுதான். அந்த ஊரில் அது மழை மாதிரி ஒரு காரணம்.

இன்னொன்று, கவனித்தீர்களா? ‘எண்டவரில்’ ஆக்ஸ்ஃபர்ட் மெயில் பத்திரிகையின் ஆசிரியராக வருகிற அபிகெய்ல் தா, ஜான் தாவின் மகள். முதல் படத்திலேயே பையனிடம், நாம் இதற்கு முன் சந்தித்திருக்கிறோமா என்று கேட்பார். பாத்திரத்தின் பெயர் டாரதியா ஃப்ராசில். தண்ணீரில் மிதக்கும் பனித்துணுக்கை ஃப்ராசில் என்பார்கள். முதலெழுத்தைச் சேர்த்து டி-ஃப்ராசில் என்று சொல்லிப் பாருங்கள், பனியை நீக்குவது என்று வரும். ஆங்கிலத்தில் ‘தா’ என்றாலும் பனி உருகுவதுதானே. குறுக்கெழுத்துப் பைத்தியம் பிடித்த நாயகனுக்கு ஏற்ற குறும்பு.

*

இன்னொருவரின் பதில்: தொண்ணூறுகளில் லண்டனில் இருந்து மோர்ஸைப் புதுப்படமாகவே பார்த்தவன் நான். எனக்கு இந்தப் பையன் ஒட்டவே இல்லை. எங்கள் மோர்ஸ் முன்கோபி, கஞ்சன், ரத்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், பாதி வழக்குகளில் தப்பான ஆளைப் பிடிப்பவர். எவன்ஸ் நன்றாக நடிக்கிறார், ஆனால் நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருக்கிறார். மேலும் பழைய தொடரில் மேலதிகாரியாக வரும் ஸ்ட்ரேஞ்ச், பிணப் பரிசோதனை செய்யும் டிப்ரின் எல்லோரும் இளமையிலேயே ஒரே இடத்தில் கூடிவிடுகிறார்கள். அவ்வளவு சுருக்கமான ஊரா அது?

தர்ஸ்டே மீதும் ஒரு வழக்கு இருக்கிறது. தகப்பன் மாதிரி வளர்த்த மனிதரை, பிற்காலத்தில் 33 படங்களில் ஒரு தடவைகூட மோர்ஸ் பெயர் சொல்லி நினைக்கவில்லையே?

*

முதலில் எழுதியவரின் பதில்: ஐயா, பூனைக்குட்டி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்காவது, ஐந்தாவது தொடருக்குள் நகம் முளைத்துவிடுகிறது, அங்கேவரை போய்விட்டுச் சொல்லுங்கள்.

தர்ஸ்டே கேள்வியை எழுதியவரும் மறக்கவில்லை. ‘எண்டவரின்’ 36 படங்களையும் ஒரே ஆள், ரஸல் லூயிஸ், எழுதியிருக்கிறார். 2023 மார்ச்சில் வந்த கடைசிப் படம் உங்கள் வழக்குக்கான பதில்தான். அந்தப் பெயரை ஏன் அவர் வாயிலிருந்து விடவே இல்லை என்பதைப் பார்த்த பிறகு, எனக்கு அந்த 33 படங்களின் மௌனமே வேறாகக் கேட்டது. பார்க்காதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லவில்லை.

உண்மையில் 33 இல்லை, 32தான் முடித்திருக்கிறேன். மோர்ஸ் கல்லூரி முற்றத்தில் விழுகிற அந்தக் கடைசிப் படம் எட்டு மாதமாக அப்படியே கிடக்கிறது.